எண் விழுந்தால் வீட்டுக்கு

"இந்த வயசில் லொரெட்டாவுக்கு இதெல்லாம் தேவையா?" என்று போன வாரம் ஒன்பது பேர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். தேவைதான். அறுபத்தொரு வயசில் செய்யாமல் வேறு எப்போது செய்வாளாம்?

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. மற்றவர்கள் அதற்குள் காபியை ஆற்றிக்கொள்ளுங்கள்.

ஒஹையோவில் எங்கள் கவுண்டியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் நெடுஞ்சாலையில் முப்பத்துமூன்று வருஷம் வேகம் அளக்கும் லேசர் கன்னோடு நின்ற போலீஸ்காரர் கார்லண்ட் ப்ரூவிட். மூன்று வாரம் முன்னால், தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் அவருக்கு ஓய்வு விருந்து. கையில் பேப்பர் தட்டோடு எழுந்து நின்று, எல்லாருக்கும் தெரிந்த அதே கதையை மறுபடியும் எடுத்துவிட்டார்.

"நான் கட்டின பெண்டாட்டிக்கே அபராத டிக்கெட் எழுதினவன்! ஐம்பத்தஞ்சு மைல் வேகத்துல போக வேண்டிய ரோட்டுல எழுபத்தாறு. நிறுத்தினேன். லைசென்ஸை வாங்கினேன். பதினாலு நிமிஷம், ஒரு புள்ளி விடாம எழுதிக் கையில குடுத்தேன். மூணு நாள் என்கிட்ட பேசல. என் கல்யாண வாழ்க்கையிலயே நிம்மதியான மூணு நாள்!"

கூடமே குலுங்கிச் சிரித்தது. கேக் வெட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி லொரெட்டா கத்தியைக் கீழே வைத்தாள். கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். மறுநாள் காலையில் தன் சாம்பல் நிறக் காரைக் கொடுத்துவிட்டு, ரெண்டு கை மாறிய மஞ்சள் கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினாள். அன்றிலிருந்து மகள் ஜனெல் வீட்டு சோபாவில்தான் தூக்கம்.

புதன்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் போனில் பந்தயம் கட்டிக்கொண்டார்கள். ஞாயிறு நாலு மணிக்கு க்ரைடர் வயலோரத்து ஓடுதளத்தில் லொரெட்டா மூன்று தடவை காரை ஓட்டிக்கொண்டு வருவாள். கார்லண்ட் கன்னை நீட்டுவார். ஒரு தடவையாவது வேகம் எத்தனை என்று எண் விழுந்துவிட்டால், காரை விற்றுவிட்டு அவள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். விழவில்லை என்றால் அந்த டிக்கெட் கதையை அவர் இனி எந்த மேஜையிலும் சொல்லக்கூடாது. அவ்வளவுதான்.

இந்த "அவ்வளவுதான்" யாருக்கும் புரியவில்லை. ஜனெலுக்கும் புரியவில்லை.

ஞாயிறு காலை எட்டரை மணிக்கு அவள் தன் கடையில், கார்வெட்டின் முன் பம்பரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் மல்லாந்து கிடந்தாள். முப்பத்தேழு வயசு. கார்களுக்குப் பாட்டுப் பெட்டி, கேமரா மாட்டுகிற கடை. ஷெரிஃப் அலுவலகக் கார்களுக்கு சைரனும் சிவப்பு விளக்கும் மாட்டுவதும் அவள்தான். அதே போலீஸை ஏமாற்றுகிற கருவியை மாட்டுவதும் அவள்தான்.

ரேடார் டிடெக்டர் சாது. முன்னால் போலீஸ் இருக்கிறது என்று கத்திச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். இன்று அம்மா காருக்கு மாட்டுகிற லேசர் ஜாமர்தான் வம்புக்காரன். போலீஸ் அடிக்கிற ஒளியோடு தன் ஒளியையும் கலந்து, கன்னுக்கு வேகமே புரியாமல் செய்துவிடும். எங்கள் மாநிலத்தில் சொந்தக் காரில் மாட்டிக்கொள்ளச் சட்டத்தில் தடை இல்லை. கார்லண்டின் வீட்டில்தான் தடை.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் ஜனெல், காருக்கு அடியிலிருந்து. "தோத்தா காரு போச்சு, நீயும் திரும்பிப் போகணும். ஜெயிச்சா ஒரு ஜோக்கு நிக்கும். இது ஒரு பந்தயமா?"

"அது ஜோக்கு இல்ல."

"பின்ன என்ன?"

"நீ ஸ்க்ரூவை முடுக்கு." லொரெட்டா காபி போட ஆபீஸ் அறைக்குப் போய்விட்டாள். போகும்போது ரேடியோவை இன்னும் கொஞ்சம் உரக்க வைத்துவிட்டுப் போனாள்.

கார் முகப்பிலுள்ள கிரில்லின் ரெண்டு ஓரத்திலும், விளக்குகளை ஒட்டி, தீப்பெட்டி அளவுக்கு ரெண்டு சென்சார். அவை ரோட்டை நேராகப் பார்க்க வேண்டும். ஒரு நூல் மேலே போனாலும் ஒளி வானத்துக்குப் போய்விடும். ஜனெல் ஒவ்வொன்றின் மேலும் சின்ன ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கும் வரைக்கும் பிராக்கெட்டை வளைத்து வளைத்து முடுக்கியிருந்தாள். ஒன்றரை மணி நேர வேலை. பார்க்க அழகாக இருந்தது.

கண்ணாடியில் மாட்டியிருந்த டிடெக்டர் திடீரென்று கீச்சென்று கத்தியது.

"யாரது?"

வாசலில் புது ட்ரக்கை நிறுத்திவிட்டு இறங்கியவன் தம்பி வேட். அவனும் நெடுஞ்சாலைப் போலீஸ்தான். அப்பா நின்ற அதே ரோட்டில் இப்போது அவன் நிற்கிறான். இன்று கழுத்தில் டை, கையில் டோனட் பெட்டி. அப்பாவைச் சர்ச்சுக்கு அழைத்துப் போகிற வழியில் வந்திருக்கிறான்.

"சீருடை இல்லாம வந்தாலும் உன்னைக் கண்டுபிடிச்சிடுது பாரு," என்றாள் ஜனெல்.

"அது என் ட்ரக்ல இருக்கற சென்சார். பக்கத்துல வண்டி வருதான்னு பாக்கறது. கடை வாசல்ல தானா திறக்கற கதவைப் பார்த்தாலும் உன் பொட்டி கத்தும். இதுக்குப் போய் இத்தனை பெருமை!"

"சரி சரி, டோனட்டை வச்சுட்டுப் பேசு."

கையை நீட்டி அவள் எழும்போது, பிராக்கெட்டில் மிச்சமிருந்த ஒரு நட்டு தரையில் விழுந்தது. விழுந்த நட்டு நிற்கவில்லை. நிதானமாக உருண்டு, காரின் மூக்குக்கு முன்னால் போய், தரையிலிருந்த சாக்கடைக் கம்பியில் டிங் என்று முட்டி நின்றது.

ஜனெல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலையில் கை வைத்தாள். "நாசமாப் போச்சு."

கடையில் ரெண்டு கார் நிற்க இடம் உண்டு. இடது பக்கம் சமதளம். வலது பக்கம், பனிக்காலத்து உப்புத் தண்ணீரைக் கழுவி விடுவதற்காக, சாக்கடையை நோக்கிச் சரிவு. இந்த வேலையை எப்போதும் இடது பக்கத்தில்தான் செய்வாள். ஆனால் இடது பக்கத்தில் ஷெரிஃபின் கார், சைரன் ஒயரெல்லாம் குடலைப் போல வெளியே தொங்கிக்கொண்டு நிற்கிறது. நகர்த்த முடியாது. அம்மா கார்தானே என்ற அவசரத்தில் வலது பக்கம் ஏற்றிவிட்டாள். இப்போது கார் மூக்கைத் தாழ்த்தி நிற்கிறது. ரசமட்டத்துக்குச் சரி. ரோட்டுக்குப் போனதும் மூக்கு நிமிரும், சென்சார் ரெண்டும் காக்காய் பார்த்துக்கொண்டு போகும்.

வேட் நட்டையும் பார்த்தான், அக்காவையும் பார்த்தான். அவனும் இதே கடையில் பள்ளிக்கூட லீவில் வேலை பார்த்தவன். சொல்லாமலே புரிந்துவிட்டது. ஆபீஸ் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"அப்படியே விட்டுடேன், ஜன்."

"என்ன சொன்ன?"

"விட்டுடு. யாருக்குத் தெரியப்போகுது? எண் விழும். அம்மா ரெண்டு நாள் கத்துவா. அப்புறம் வீட்டுக்குப் போயிடுவா. எல்லாம் பழையபடி ஆயிடும்."

"வாயை மூடு."

"உனக்கு மட்டும் ஆசை இல்லையா? காலைல அஞ்சு மணிக்கு ரேடியோ, உன் சமையல்கட்டுல எந்த சாமான் எங்க இருக்குன்னு உனக்கே தெரியலன்னு நீதானே புலம்பின?"

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நேற்று உப்பைத் தேடவே பத்து நிமிஷம் ஆனது.

"அப்பா ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கார்ன்ஃபிளேக்ஸ் சாப்பிடறார்," என்றான் வேட். "நேத்து போனேன். அம்மாவோட காபிக் கோப்பையைக் கழுவிக்கிட்டிருந்தார். அதுல யாரும் குடிக்கவே இல்ல ஜன். மூணு வாரமா தினமும் கழுவறாராம். எனக்குப் பாக்க முடியல."

ஜனெல் துணியை எடுத்துக் கையைத் துடைத்தாள். அரை அங்குலம் கோணல். எதுவும் செய்யாமல் பம்பரைத் திருப்பி மாட்டினால் போதும், குடும்பம் ஒட்டிக்கொள்ளும். யாரும் அவளைக் குற்றம் சொல்லப் போவதில்லை.

"பன்னிரண்டு வருஷமா கடை வச்சிருக்கேன்," என்றாள் கடைசியில். "நான் மாட்டினது எதுவும் கோணலா இந்த வாசலைத் தாண்டினதில்ல. அம்மா கார்ல அதை ஆரம்பிக்கச் சொல்றியா? அவ தோக்கறதுன்னா அவளா தோக்கட்டும். நாம ரெண்டு பேரும் சேர்ந்து தோக்கடிக்கக் கூடாது."

"நீ பிடிவாதக்காரி."

"யாரு பொண்ணு நான்? ரெண்டு பக்கமும் அதானே. நகரு, வண்டியை எடுக்கணும்."

"பம்பர் இல்லாமயா? எங்க போற?"

எங்கள் ஊரில் உண்மையான சமதளம் ஒன்றே ஒன்றுதான். சர்ச்சின் வாகன நிறுத்தம். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல் அப்படியே நிற்கும்; அதற்காகப் பாதிரியார் போடாத சண்டை இல்லை.

ஆராதனை முடிந்து கதவு திறந்தபோது ஊரே பார்த்தது. மூக்கறுந்த மஞ்சள் கார்வெட். அதன் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஜனெலின் பூட்ஸ். பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு, கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து ஹாம் சாண்ட்விச் தின்றுகொண்டிருக்கும் லொரெட்டா.

"காலை வணக்கம்," என்றாள் எல்லாரையும் பார்த்து. "ஊறுகாய் வெள்ளரி இருக்கு. யாருக்காவது வேணுமா?"

பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். பாடல் குழுவில் இருக்கும் ரெண்டு பெண்கள் ஆளுக்கொரு வெள்ளரி வாங்கிக்கொண்டார்கள். அதில் ஒருத்தி, "ஜெயிச்சிடு லொரெட்டா," என்று காதோடு சொல்லிவிட்டுப் போனாள்.

கார்லண்ட் படியில் நின்றார். நீலக் கோட்டு. சட்டையில் இஸ்திரி மடிப்பு சரியாக விழவில்லை.

"ஞாயித்துக்கிழமை, சர்ச்சு வாசல்ல, இதையா செய்யணும்?" என்றார்.

"உள்ள வந்து செய்யச் சொல்றியா?" என்றாள் லொரெட்டா.

ஜனெல் காருக்கு அடியில் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். ரசமட்டத்தில் குமிழி நகர்ந்து நகர்ந்து நடுவில் வந்து நின்றது. இந்தத் தடவை நிஜமாகவே நின்றது.

"நாலு மணி," என்றார் கார்லண்ட்.

"நாலு மணி," என்றாள் லொரெட்டா, வாயைத் துடைத்துக்கொண்டு.

க்ரைடர் வயலோரத்து ஓடுதளம், சோளத்துக்கு மருந்து தெளிக்கும் குட்டி விமானம் இறங்குவதற்காகப் போட்டது. நேராக முக்கால் மைல். நாலு மணிக்குக் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது.

கார்லண்ட் தன் சொந்த கன்னைக் கொண்டு வந்திருந்தார். ஓய்வு பெறும்போது ஏலத்தில் எடுத்தது. முப்பத்துமூன்று வருஷ வழக்கப்படி, தெரிந்த தூரத்தில் நின்ற கம்பத்துக்கு முதலில் ஒரு தடவை அடித்துச் சரிபார்த்தார். தூரம் சரி. வேகம் பூஜ்யம். தலையை ஆட்டிக்கொண்டார்.

"விடு," என்றார். வேட் கையை உயர்த்தினான்.

தூரத்தில் மஞ்சள் புள்ளி கிளம்பியது. புள்ளி பெரிதானது. எழுபதுக்குக் குறையாது. கார்லண்ட் ஒரு கண்ணை மூடி விசையை அழுத்தினார். கன் உர்ரென்றது. எண் இல்லை. கார் அவரைத் தாண்டிப் போனது.

"இடது விளக்குக்கு அடிச்சீங்களா?" என்று கேட்டாள் ஜனெல்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"முன்னாடி நம்பர் பிளேட் இல்லாத வண்டின்னா இடது விளக்குன்னு சாப்பாட்டு மேஜையில எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க? நான் உருளைக்கிழங்கை மட்டும் தின்னுக்கிட்டு உட்கார்ந்திருக்கலப்பா."

கார்லண்டின் உதட்டோரம் ஒரு நொடி துடித்தது. பெருமையா கோபமா, அவருக்கே தெரிந்திருக்காது.

ரெண்டாவது தடவை வலது விளக்கு, கண்ணாடி, பக்கக் கண்ணாடி என்று மாற்றி மாற்றி அடித்தார். உர்ர், உர்ர், உர்ர். எண் இல்லை.

மூன்றாவது தடவை அவர் மண்டியிட்டார். வலிக்கிற முழங்கால், வேட் தாங்கப் போனான், தள்ளிவிட்டார். பக்கத்தில் வரவிட்டு அடித்தால் எப்பேர்ப்பட்ட ஜாமரும் சில சமயம் தோற்கும். அது அவருக்குத் தெரியும், ஜனெலுக்கும் தெரியும். கார் வந்தது. அவர் அடிக்கவில்லை. இன்னும் வந்தது. வேட் கண்ணை மூடிக்கொண்டான். முகப்பு விளக்கின் கண்ணாடியே தெரிகிற தூரத்தில் கார்லண்ட் விசையை அழுத்தினார்.

கார் அவர் தொப்பியைப் பறக்கவிட்டுக்கொண்டு தாண்டியது.

கார்லண்ட் கன்னின் முதுகைப் பார்த்தார். மகன் பக்கம் திருப்பிக் காட்டினார். எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள்.

"விழல," என்றார். அந்த மனிதரிடம் ஆயிரம் குறை சொல்லலாம், பொய் சொன்னார் என்று மட்டும் சொல்ல முடியாது.

லொரெட்டா காரைத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தி இறங்கினாள். கன்னம் சிவந்திருந்தது. ஜனெலைக் கட்டிக்கொண்டாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"சொல்லு."

"இனிமே சொல்ல மாட்டேன். வாக்குன்னா வாக்கு." எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "ஒரு ஜோக்குக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா, லோரி? எல்லாரும் சிரிச்சுட்டுப் போற விஷயம்."

"அன்னிக்கு நான் எங்க போய்க்கிட்டிருந்தேன்?"

"எப்ப?"

"நீ டிக்கெட் எழுதினியே, அன்னிக்கு. இருபத்துநாலு வருஷமா சொல்ற. எழுபத்தாறுல போனேன்னு தெரியுது. பதினாலு நிமிஷம் எழுதினேன்னு தெரியுது. எங்க போனேன்?"

கார்லண்ட் தலையைச் சொறிந்தார். "ஏதோ... மளிகைக் கடைக்கு..."

"ஆஸ்பத்திரிக்கு. என் அக்கா மாக்ஸீன்கிட்ட. சீக்கிரம் வாங்கன்னு போன் வந்து ஓடினேன். நீ ஜன்னல்கிட்ட வந்த. நான் சொல்ல வாயெடுத்தேன். 'வண்டியிலயே உட்காருங்க மேடம்'னு சொல்லிட்டு லைசென்ஸோட போயிட்ட. மேடம்! உனக்கு அவ்வளவு நேர்மை. நான் போய்ச் சேர்ந்தப்ப அவ போய் ஆறு நிமிஷம். கடைசி வரைக்கும் கதவையே பாத்துக்கிட்டிருந்தாங்கன்னு நர்ஸ் சொன்னா."

காற்றில் அவள் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

"அந்த மூணு நாள், கார்லண்ட். நான் உன்கிட்ட பேசாம இருந்த மூணு நாள். அவளைப் பெட்டியில வச்சுப் புதைச்ச மூணு நாள். உன் நிம்மதியான மூணு நாள்."

"அது... அதே வாரமா?" கார்லண்டின் முகம் வெளிறியது.

"அதே நாள். அடக்கத்துக்கு நீயும்தான் கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு வந்த. ரெண்டையும் சேர்த்துப் பாக்க உனக்கு நேரமில்ல."

"நீ ஏன் சொல்லல லோரி? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"யார்கிட்ட சொல்றது? எல்லாரும் சிரிச்சுக்கிட்டிருந்தீங்க."

எல்லாரும். ஜனெலுக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. பெரியம்மா செத்தபோது அவளுக்குப் பதிமூன்று வயசு. சவ அடக்கம் நினைவிருக்கிறது. அதற்கப்புறம் ஒவ்வொரு நன்றி நாள் விருந்திலும் அப்பா கதையை முடிக்கும் முன்பே அந்தக் கடைசி வரியைத் தானே சொல்லிச் சிரித்ததும் நினைவிருக்கிறது. அவள் வெட்கத்தில் தரையைப் பார்த்தாள். வேட் திரும்பி நின்று டையின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

லொரெட்டா காரில் ஏறினாள். யாரையும் கூப்பிடவில்லை. ஜனெலையும் கூப்பிடவில்லை. கார்வெட் உறுமிக்கொண்டு ஓடுதளத்தின் கோடியிலிருந்த கவுண்டி ரோட்டை நோக்கி நகர்ந்தது.

கார்லண்ட் கன்னைக் கீழே போட்டார். ஓடினார். ஒரு காலை இழுத்து இழுத்து, தொப்பியில்லாத தலையோடு, அந்தப் பெரிய உடம்பு ஓடியது.

"லோரி! லோரி! எங்க போற?"

பிரேக் விளக்கு சிவந்தது. கார் நின்றது. கண்ணாடி இறங்கியது.

"வந்தா சொல்றேன்," என்றாள் லொரெட்டா. கார்லண்ட் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறினார்.

ரோட்டில் வலது பக்கம் போனால் ஊர், அதைத் தாண்டினால் அவர்கள் வீடு, அங்கேயே ஜனெலின் வீடும். லொரெட்டா இண்டிகேட்டரைப் போட்டாள், ரெண்டு பக்கமும் பார்த்தாள், இடது பக்கம் திரும்பினாள்.